கழற்றி வைத்தவை

ஸ்கேன் அறைக்குள் உலோகம் கூடாது என்றார்கள்.
கழற்றுவது ஆயாவின் வேலை.
ஸ்டான்லியில் இருபது வருடமாகத்
தாலி, அரைஞாண், கட்டுப்பல் எல்லாம்
எடுத்து டப்பாவில் போட்ட கை இது.
ஆனால் தேசப்பா,
உன் இடுப்பைத் தொட்டுப்
பதினோரு வருடம் ஆகியிருந்தது.

முதலில் புலிநகம்.
பிளாஸ்டிக் என்று உனக்கும் தெரியும், எனக்கும்.
அதை மாட்டிக்கொண்டுதான்
மூலக்கொத்தளத்து முச்சந்தியில்
அமாவாசைக்கு முனியோடு பீடி பிடித்தாய்.
முனி நெருப்பு கேட்டதாம். கொடுத்தாயாம்.
போகும்போது உன் தொண்டையில்
ஒரு விரல் வைத்துவிட்டுப் போனதாம்.
"அன்னிக்கிலேர்ந்துதான் ரெஜினா, இந்தக் கொரலு."
அன்றிரவு நீ காய்ச்சலில்
என் வாசலில் சுருண்டு கிடந்தாய்.
இஞ்சி தட்டி வென்னீர் கொடுத்தது
முனி இல்லை.

சாவு வீட்டில் முதல் ஒரு மணி நேரம்
செத்தவரைப் பாடுவாய்.
ஐஸ் பெட்டியில் நீர் கோக்கும் நேரத்துக்கு
உன்னைப் பாடத் தொடங்கியிருப்பாய்.
பல்லோடு பிறந்தவன் நீ.
குறுக்கே வந்த கறுப்புப் பூனை
சகுனம் சரியில்லையென்று திரும்பிப் போகும்.
பேசின் பிரிட்ஜில் உன் விசிலுக்கு
கூட்ஸ் வண்டி நிற்கும்.
உன் பேரைக் கேட்ட காசிமேட்டுச் சுறா
கருவாடாகவே கரையேறும்.
தெருவுக்கொரு வாசல்
உனக்காகத் தாழ் போடாமல் காத்திருக்கும்.

புதிதாகத் தாலியறுக்கப் போகிறவளும்
அழுகையின் நடுவில் சிரித்துவிடுவாள்.
அந்த வாசல்களை நான் எண்ணியிருக்கிறேன்.
ஒன்று.
அதற்கும் தாழ்ப்பாள் உடைந்திருந்தது.

கப்பல் சாமான் விற்கும் ஜெபராஜ்
ஒருமுறை கேசட் ஒன்று கொண்டுவந்தான்.
உறையில் பேர் அழிந்திருந்தது.
ஒரு கிழவன் குரல், ஒற்றை கிதார்,
அமெரிக்கப் பருத்திக்காட்டுக் கறுப்பர் பாட்டு என்றான்.
"இன்னா சொல்றான், சொல்லு" என்றாய்.
கான்வென்டில் எட்டாவதோடு நின்ற இங்கிலீஷுக்குப்
பாதிதான் எட்டியது.
பூனை எலும்பு வெச்சிருக்கானாம்.
இவன் பொறக்கறதுக்கு முன்னாடியே
குறிகாரி ஒருத்தி இவன் பேரைச் சொன்னாளாம்.
பொண்டாட்டி ரயிலேறிப் போயிட்டாளாம்.
இல்ல இல்ல,
போன்னு இவனே டிக்கெட் எடுத்துக் கொடுத்தானாம்.

தொடையில் அடித்துக்கொண்டாய்:
"இன்னாமா பொய் சொல்றான்யா!"
மறுபடி மறுபடி ஓட்டிக் கேட்டாய்.
டேப் சிக்கிக்கொண்ட பிறகு,
பென்சில் விட்டுச் சுற்றியபடியே,
என்னிடம் இல்லை, கேசட்டிடம் சொன்னாய்:
"ராவுல இவனுக்கும் தூக்கம் வராது போல."

கறுப்புக் கயிறுகளை வெட்டினேன். ஏழு.
கடைசியாகத் தாயத்து.
பாலக்காட்டு மாந்திரீகன் மந்திரித்தது,
உள்ளே ஆந்தைக் கண்ணும் மண்டையோட்டு மையும்.
நான் உன்னிடம் மயங்கியது அதனால்தான் என்று
கொருக்குப்பேட்டையில் சொல்லாத வாய் இல்லை.
அரக்கு உதிர்ந்து மூடி கையோடு வந்தது.
குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது.

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என்னையே பார்த்தாய்.
"டோலக்குக்குள்ள மட்டும் இன்னா கீது?" என்றாய்.
பிறகு என் புடவை நுனியைப் பிடித்து,
மெதுவாக,
"கதவ சாத்தாத ரெஜினா."

சாத்தித்தான் ஆக வேண்டும்.
இயந்திரம் தட்டத் தொடங்கியது,
ஈரப்பலகையில் ஆணி இறங்குவதுபோல்.
கண்ணாடிக்கு அப்பால்
உன் இடதுகால் கட்டைவிரல் தாளம் பிடித்தது.
ஆடக்கூடாது, ஆடக்கூடாது என்று
மைக்கில் கத்தினார் டெக்னீஷியன்.
யாரிடம் கத்துகிறார் என்று
அவருக்கு நான் சொல்லவில்லை.

டப்பாவின்மேல் சீட்டு ஒட்டினேன்.
தேசப்பன். ஆண். ஐம்பத்தெட்டு.
புலிநகம் 1. கயிறு 7. தாயத்து 1.
காலி என்று எழுதவில்லை.